மருந்து இல்லாமல் பாகற்காய் தேறுமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார். ஊரார் அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய சில விவரங்களை நானே எடுத்துவிட்டேன். கடிதம் சொல்வது இதுதான்.

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பால்மரத்தை, அதாவது ரப்பரை, அழித்துச் செம்பனை என்ற எண்ணெய்ப்பனை போட்டபோது குடும்பம் வெளியே வந்து, தோட்டத்தை ஒட்டிய தாமானில் குடியேறியது. வீட்டுக்குப் பின்னால், செம்பனை எல்லையில் ஓடும் கால்வாய் வரைக்கும் கொஞ்சம் கொல்லை. அதில் பாகல், கத்தரி, வெண்டை, பயத்தங்காய், மிளகாய், சாவி என்ற கடுகுக் கீரை எல்லாம் போட்டிருக்கிறார். வீட்டுக்குப் போக மிஞ்சுவதை அக்கம்பக்கத்துக்கும், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கடை போடும் உறவுக்காரப் பெண்ணுக்கும் கொடுக்கிறார்.

அவருடைய அம்மா தோட்டத்தில் பல வருடம் மருந்து அடித்தவர். "முதுகில் பம்பு, கைக்கு உறை கிடையாது. நகமெல்லாம் கறுத்துக் கழன்று விழும். சில நாள் மூக்கில் ரத்தம் வரும். அதைப் பார்த்து வளர்ந்த நான் என் கொல்லையில் ஒரு சொட்டு மருந்து விடமாட்டேன்" என்று எழுதியிருக்கிறார்.

ஆனால் இந்த முறை பூச்சி தாங்கவில்லை. பாகல் பிஞ்சிலேயே மஞ்சளாகி விழுகிறது, வெட்டினால் உள்ளே புழு. கடையில் விற்கும் பழ ஈப் பொறியை வாங்கித் தொங்கவிட்டார். ஈ நிறைய விழுந்தது, பாகல் மட்டும் பிழைக்கவில்லை. கத்தரிக் குருத்து தலை தொங்குகிறது. பயத்தங்கொடியில் கறுப்புப் பேன் (அசுவினி). அதன் நடுவே முதலைக்குட்டி மாதிரி ஊர்ந்த புழுக்களைக் கையால் நசுக்கியிருக்கிறார். மிளகாய் இலை சுருண்டுவிட்டது. வேப்பெண்ணெயில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தாராளமாகக் கலந்து உச்சி வெயிலில் அடித்தார், இலை கருகியது. பெரியப்பா ஒருவர் புகையிலையை ஊறவைத்து அடிக்கச் சொல்கிறார். தோட்டத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ ஒரு மருந்தைப் பழைய சர்பத் போத்தலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். "ஒரு தடவை அடி, கழுவினால் போய்விடும்" என்கிறார் கணவர். வீட்டில் நான்கு வயதுப் பேரன் இருக்கிறான். ரசாயனத்துக்குப் பதிலாக எல்லாப் பூச்சிக்கும் கேட்கிற ஒரே இயற்கை மருந்து எது என்பது அவருடைய முதல் கேள்வி. கால்வாய்க்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் மருந்து அடித்தால் யாரிடம் சொல்வது, காயை ஆர்கானிக் என்று எழுதி விற்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். நகம் கழன்றதும் மூக்கில் ரத்தம் வந்ததும் அந்தக் காலத்தில் பாரகுவாட் என்ற களைக்கொல்லி அடித்த பெண்களிடம் மருத்துவர்கள் கண்டு எழுதி வைத்த அறிகுறிகள். உங்கள் பிடிவாதம் நியாயமானது. அதை விட்டுவிடச் சொல்லி நான் எழுதப்போவதில்லை.

உங்கள் முதல் கேள்வியைத்தான் கொஞ்சம் மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்ற எண்ணமே பம்பிலிருந்து வந்த பழக்கம். ரசாயனத்தைக் கொட்டிவிட்டு அதே பம்பில் வேப்பெண்ணெயை ஊற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உங்கள் கொல்லையில் இப்போது குறைந்தது நான்கு விதமான பூச்சிகள் நான்கு விதமாகப் பிழைக்கின்றன. இரண்டு காய்க்குள்ளும் தண்டுக்குள்ளும் ஒளிந்திருக்கின்றன. அவற்றின் மேல் எந்தத் திரவமும் படாது. வெளியே இருப்பவற்றில் சில உங்கள் ஆட்கள். ஆக, அடிப்பதற்கு முன்னால் எது என்று பார்க்க வேண்டும். காலையில் வெயில் ஏறுமுன் கொல்லைக்குப் போய் இலையைத் திருப்பிப் பார்ப்பதுதான் நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

முதலில் அந்தப் போத்தல்

பாகலுக்கு முன்னால் இதைப் பேசியாக வேண்டும். இன்றைக்கே செய்யுங்கள்.

குடிக்கிற போத்தலில் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ இருப்பதுதான் தோட்டப்புறங்களில் குழந்தைகளுக்கு நேரும் விபத்துகளிலேயே மிகக் கொடியது. நான்கு வயதுப் பிள்ளைக்குப் போத்தலின் வடிவம் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. பாரகுவாட்டை நம் நாட்டில் 2002ல் தடை செய்தார்கள், 2006ல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுவதுமாகத் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் பழைய சரக்கு ஸ்டோர்களிலும் கொட்டகைகளிலும் கிடக்கலாம். ஒரு வாய் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து, அதற்கு முறிவு மருந்தும் இல்லை. உங்கள் போத்தலில் இருப்பது அதுதான் என்று சொல்லவில்லை. லேபிள் இல்லாததால் எது என்றே சொல்ல முடியாது, பயம் அதில்தான். களைக்கொல்லியாக இருந்தால் பூச்சி அப்படியே இருக்க உங்கள் செடிகள்தான் சாகும்.

கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள். கழிப்பறையிலும் வேண்டாம். போத்தலின் மேல் பெரிய எழுத்தில் விஷம் என்று எழுதி, பேரன் கை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்து, தோட்டத்து மருந்து ஸ்டோரில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் மாவட்ட விவசாய அலுவலகத்தில் கேளுங்கள். 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவான மருந்து, பதிவான லேபிளோடுதான் கைமாற வேண்டும் என்று அவருக்கும் நயமாகச் சொல்லலாம். அவர் உதவி செய்யத்தான் நினைத்திருப்பார், சண்டை வேண்டாம்.

எப்போதாவது யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் தொலைபேசியிலேயே ஆலோசனை சொல்லும். அந்த எண்ணை இன்றே தேடி எடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பாகல்: பொறியில் விழுந்தது வேறு ஈ

பாகலைக் கெடுப்பது பழ ஈ. சரியாகச் சொன்னால், பாகல், பீர்க்கு, புடல், வெள்ளரி இவற்றைத் தேடி வரும் பூசணி ஈ. குளவிபோல் இடுப்பு ஒடுங்கிய, பழுப்பும் மஞ்சளுமான ஈ. பெண் ஈ பிஞ்சின் தோலில் ஊசிபோல் துளைத்து முட்டையை உள்ளே வைக்கிறது. அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளமும் அதன்மேல் காய்ந்த பிசின் துளியும் தெரியும். பிஞ்சு அந்தப் பக்கமாக வளைய ஆரம்பித்தால் உள்ளே புழு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டொரு நாளில் முட்டை பொரிந்து, புழு சதையைத் தின்று, பிறகு வெளியே குதித்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. அதிலிருந்து புது ஈ. நம் ஊர்ச் சூட்டில் இந்த வட்டம் சில வாரத்தில் முடிந்து மறுபடி தொடங்கிவிடும்.

உங்கள் பொறியில் நிறைய ஈ விழுந்தும் பாகல் பிழைக்காததில் மர்மம் எதுவும் இல்லை. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பொறியில் மெத்தில் யூஜினால் என்ற வாசனை மருந்து இருக்கும். அது கொய்யா, மாம்பழம், பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) மரங்களுக்கு வரும் ஈயின் ஆணை இழுக்கும். பாகலைத் துளைக்கும் ஈ அதற்கு வராது. அதன் ஆணுக்கு கியூ லூர் என்ற வேறு வாசனை வேண்டும். அதை வாங்கி வைத்தாலும் விழுவது ஆண்கள்தான், முட்டை வைக்கும் பெண் ஈ வெளியேதான் இருக்கும். வீட்டுக் கொல்லை அளவில் பொறி என்பது ஈ வந்திருக்கிறதா என்று பார்க்க உதவும், காயைக் காப்பாற்றாது. அடுத்த பொறிக்குப் போகிற காசை மிச்சம் பிடியுங்கள்.

காப்பாற்றுவது பைதான். நம் நாட்டில் பெலிம்பிங்கும் கொய்யாவும் ஏற்றுமதிக்குத் தயாராவதே பிஞ்சிலேயே பை கட்டித்தான். பாகலுக்கும் அதையே செய்யுங்கள். பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பாகல் போன்ற பிஞ்சு இருக்கும். தேனீ வந்து போய், பூ வாடி, பிஞ்சு விரல் நீளத்துக்கு வரத் தொடங்கியதும் பை போடுங்கள். பூ விரிந்திருக்கும்போதே மூடினால் காய் பிடிக்காது. விரல் நீளத்தையும் தாண்டவிட்டால் ஈ முந்திக்கொள்ளும். பழைய நாளிதழை இரட்டையாக மடித்து நீளக் குழாய்போல ஒட்டி, மேல்வாயைக் காம்போடு சேர்த்து ஸ்டேப்ளர் ஊசியால் பிடித்துவிடலாம். அடிவாய் திறந்திருக்கட்டும், ஆனால் காயின் நுனிக்குக் கீழே ஒரு சாண் தாள் தொங்க வேண்டும். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வியர்த்துக் காய் அழுகிவிடும். மழையில் தாள் கிழிந்தால் மாற்றுங்கள். தாளுக்குள் வளரும் பாகல் கொஞ்சம் வெளிறி இருக்கும், ருசி குறையாது.

கூடவே இன்னொன்றையும் விடாமல் செய்ய வேண்டும். மஞ்சளாகி விழுந்த பிஞ்சைக் கொடிக்கு அடியில் விடாதீர்கள், உரக்குழியிலும் போடாதீர்கள். அது அடுத்த படைக்கு நாமே போடும் சோறு. தினமும் பொறுக்கி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, சில நாள் நல்ல வெயிலில் போட்டுவிடுங்கள். உள்ளேயே புழு வெந்துவிடும். பக்கத்து வீட்டில் பாகலோ பீர்க்கோ இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈக்கு வேலி தெரியாது.

கத்தரி: தலை தொங்கிய குருத்து

தொங்கும் குருத்து ஒன்றை ஒடித்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுவில் துளை, துளையில் எச்சம், அதன் முடிவில் வெளிர் இளஞ்சிவப்பில் ஒரு சின்னப் புழு. கத்தரிக் குருத்துத் துளைப்பான் இதுதான். இரவில் ஒரு சின்ன வெள்ளை அந்துப்பூச்சி முட்டை வைக்க, புழு முதலில் குருத்துக்குள் போகும். காய் வந்ததும் காய்க்குள் போகும். போன வழியை எச்சத்தால் அடைத்துவிடும். வேப்பெண்ணெயோ உங்கள் கணவர் சொல்லும் மருந்தோ, எதை அடித்தாலும் உள்ளே இருப்பதன் மேல் படப்போவதில்லை. கத்தரி பயிரிடுகிறவர்கள் திரும்பத் திரும்ப அடித்தும் தோற்பது இந்தப் புழுவிடம்தான்.

கத்தரிக்கோல் அதைவிட நன்றாக வேலை செய்யும். வாரம் இரண்டு முறை, வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, வெட்டியதைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். துளை விழுந்த காயையும் அப்படியே. வெட்டிய இடத்தில் பக்கக் கிளை விடும், செடிக்கு நஷ்டமில்லை. காய் வருமுன் குருத்திலேயே பிடித்துவிட்டால் காய்க்குப் போகும் புழு வெகுவாகக் குறையும்.

உங்கள் கத்தரிச் செடிகள் "மூன்று வருடமாகக் காய்க்கின்றன" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அந்தச் செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் கத்தரி இந்தப் பூச்சிக்கு நிரந்தர வீடு. பிடுங்கிய தண்டுகளை விறகுக்கென்று வேலி ஓரம் அடுக்காதீர்கள், அதிலிருந்தும் அந்துப்பூச்சி வரும். எரிக்கவும் வேண்டாம், திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். துண்டு துண்டாக வெட்டிப் பையில் கட்டி வெயிலில் போட்டு, பிறகு குப்பையில் சேருங்கள். புதுக் கத்தரியைக் கொல்லையின் மறுமுனையில் வையுங்கள், பழைய இடத்தில் வெண்டையோ கீரையோ போடுங்கள்.

நீங்கள் நசுக்கிய முதலைக்குட்டி

பயத்தங்கொடிப் பேனுக்கு நடுவே கறுப்பும் ஆரஞ்சுமாக, முதுகில் முள் முள்ளாக, ஆறு காலில் விறுவிறுவென்று ஓடியது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பொறிவண்டின் குஞ்சு. அந்தப் பேனைத் தின்னத்தான் அங்கே வந்தது. வண்டாகுமுன் ஒரே குஞ்சு நூற்றுக்கணக்கில் பேன் தின்றுவிடும். தெரியாமல் செய்ததற்கு வருந்த வேண்டாம், இனி விட்டுவிடுங்கள்.

குழப்பம் வருவது இயல்பு, ஏனென்றால் கத்தரி இலையைத் தின்னும் வண்டு ஒன்று பார்வைக்குப் பொறிவண்டு போலவே இருக்கும். கிட்ட வைத்துப் பாருங்கள். நல்லதன் முதுகு எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்கும். கத்தரி வண்டின் முதுகு மங்கலாக, மெல்லிய ரோமத்தோடு, நிறையப் புள்ளிகளோடு இருக்கும். அதன் குஞ்சு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளை விட்ட முள்ளோடு, இலையின் அடியில் அசையாமல் கிடந்து பச்சையைச் சுரண்டும். சுரண்டிய இலை சல்லடையாகத் தெரிந்தால் அது எதிரி, கையால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பேன் கூட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தால் அது நம் ஆள்.

பேன்களில் சில உப்பி, பழுப்பாக, காகிதம்போல் காய்ந்து இலையோடு ஒட்டியிருக்கும். முதுகில் வட்டமாக ஓர் ஓட்டைகூட இருக்கலாம். கண்ணுக்கு எட்டாத ஒரு சின்னக் குளவி பேனுக்குள் முட்டை வைத்து, குஞ்சு வளர்ந்து வெளியேறிய வாசல் அது. அப்படி நாலைந்தைப் பார்த்தால் எதையும் அடிக்காமல் ஒரு வாரம் பொறுங்கள். மற்றபடி பேனுக்கு ஹோஸ் தண்ணீரே போதும். விரலால் வாயை அடைத்துப் பீய்ச்சினால் உதிர்ந்துவிடும், திரும்ப ஏறுவது சிலதான். கொடியில் எறும்பு வரிசை போனால் அதைக் கவனியுங்கள். பேன் கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டைக் கடித்து விரட்டும். கொடி ஏறும் கம்பின் அடியில் துணி சுற்றிக் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. கிரீஸ் செடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சின்னக் கொல்லைக்குச் சொல்லும் ஆறுதல் பேச்சு என்று உங்கள் கணவர் நினைக்கலாம். தோட்டத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 1950களின் கடைசியிலும் 1960களிலும் மலாயாவின் செம்பனைத் தோட்டங்களில் பூச்சிமருந்தை வாரி அடித்த பிறகுதான் பைப்புழு பெருவாரியாகக் கிளம்பியது. காய்ந்த ஓலைத் துணுக்குகளால் பை தைத்துக்கொண்டு தொங்குமே, அந்தப் புழுதான். பையின் பாதுகாப்பில் புழு பிழைத்தது, அதைத் தின்னும் குளவிகள் செத்தன. பிரையன் வுட் என்ற பூச்சியியலாளர் இதைக் கண்டு சொன்னார். அடிப்பதை நிறுத்திய இடங்களில் குளவிகள் திரும்பி வந்தன. இன்றைக்குத் தோட்டச் சாலை ஓரங்களில் காலை எட்டு மணி வாக்கில் விரிந்து மத்தியானம் சுருங்கும் வெள்ளை, மஞ்சள் பூக்களைப் பார்த்திருப்பீர்கள். மலாயில் பூங்ஙா புக்குல் லாப்பான், எட்டு மணிப் பூ, என்பார்கள். அழகுக்காக மட்டும் வைத்ததல்ல, அந்தக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று நிர்வாகமே வரிசையாக நட்டது. செம்பனை காய்ப்பதற்கே பூச்சி வேண்டியிருந்தது. 1981ல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விடும்வரை ஆட்களை வைத்துத்தான் பூவுக்கு மகரந்தம் தூவினார்கள். உங்கள் அம்மாவுக்கு அந்த வேலை நினைவிருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

சாலை ஓரத்திலிருந்து அந்தப் பூவின் ஒரு குச்சியை ஒடித்து உங்கள் வேலி ஓரம் ஊன்றுங்கள். இரண்டு கொத்தமல்லியைப் பூக்க விடுங்கள்.

வேப்பெண்ணெயும் புகையிலையும்

இலை கருகியது வேப்பெண்ணெயின் குற்றமல்ல. வெயிலும் சோப்பும் செய்தவை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி. அதைக் கரைக்கக் கையலம்பும் மென்மையான திரவ சோப்பு சில சொட்டு. நன்றாகக் குலுக்கி, மாலை ஐந்தரை மணிக்கு மேல், இலையின் அடியில் படும்படி அடியுங்கள். முதலில் ஒரே செடியில் இரண்டு இலைக்கு அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். வேம்பு அடித்த உடனே பூச்சி செத்து விழாது. தின்பதை நிறுத்தும், தோல் உரித்து வளர முடியாமல் போகும். பலன் தெரியச் சில நாள் ஆகும். வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் வாரம் ஒரு முறை திரும்ப அடிக்க வேண்டும், அடித்ததும் மழை வந்தால் மறுபடியும். வெள்ளை ஈ, பேன், இளம் புழு இவற்றுக்குப் பரவாயில்லை. காய்க்குள் இருப்பதற்கு ஒன்றும் செய்யாது. பொறிவண்டு நடமாடும் கொடியில் தேவையில்லாமல் அடிக்காதீர்கள்.

வேம்பு இயற்கையானது, அதனால் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாது என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே உங்களைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் சளிக்கும் பூச்சிக்கும் குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டும் வழக்கம் இருந்தது. அப்படிப் புகட்டிய குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மூளையும் ஈரலும் பாதிப்பு என்று வந்ததை 1981ல் கோலாலம்பூர் மருத்துவர்களே மருத்துவ இதழில் எழுதினார்கள். செடிக்கு அடிக்கலாம், காயைக் கழுவிச் சமைக்கலாம். பேரனுக்கு ஒரு சொட்டும் வாயில் விடாதீர்கள், எண்ணெய்ப் போத்தலையும் பூட்டியே வையுங்கள்.

புகையிலைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பெரியப்பா சொல்வது பழைய வைத்தியம்தான், பூச்சியும் சாகும். ஆனால் புகையிலையில் இருக்கும் நிக்கோட்டின் கடுமையான விஷம். தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். உங்கள் அம்மாவுக்கு நடந்ததிலிருந்து தப்பிக்க நினைத்து, கையுறை இல்லாமல் அதைப் பிழிந்துகொண்டிருந்தால் என்ன பொருள்? போதாததற்கு மிளகாய், கத்தரி, தக்காளி எல்லாம் புகையிலையின் குடும்பம். காய்ந்த புகையிலையில் உயிரோடிருக்கும் மொசைக் வைரஸ் அந்தத் தண்ணீர் வழியாக உங்கள் செடிக்கு ஏறிவிடலாம்.

இஞ்சி, பூண்டு, மிளகாய் அரைத்துக் கரைத்து அடிப்பதால் கெடுதல் இல்லை. வாசனை இருக்கும்வரை கொஞ்சம் விலக்கும், அவ்வளவுதான். கண்ணில் படாமல் அடியுங்கள். சாவிக்கு எந்தக் கரைசலையும்விட வலை மேல். விதைத்த அன்றே நெருக்கமான கொசுவலை போன்ற வலையை வளைவு கட்டிப் போர்த்தி, ஓரத்தை மண்ணால் மூடுங்கள். பூச்சி வந்த பிறகு போர்த்தினால் அதை உள்ளே வைத்து வளர்த்ததாகிவிடும். இலைப்புழு மிஞ்சிப் போனால் பி.டி. என்ற பாக்டீரியாத் தூள் கடையில் கிடைக்கும். மண்ணில் இயல்பாகவே வாழும் கிருமி, புழுவின் வயிற்றை மட்டும் தாக்கும். லேபிள் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, மாலையில் அடியுங்கள்.

தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம், பொறிப் போத்தல், சட்டித் தட்டு எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசுவின் குஞ்சு கண்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் வரும், டிங்கிக் காய்ச்சல் அதைவிடப் பெரிய தண்டனை.

மிளகாய் இலையும் கால்வாய்க்கு அந்தப் பக்கமும்

இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை குறுகினால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். இரண்டுக்கும் இலையின் அடியைத் தண்ணீரால் கழுவி வேப்பெண்ணெய் கொடுத்துப் பார்க்கலாம். மஞ்சள் திட்டோடு செடியே குட்டையாகிக் கொத்தாக நின்றால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ், மருந்து கிடையாது. பிடுங்கிவிடுங்கள், மற்றவை பிழைக்கும்.

நான்காவது ஒன்றும் உண்டு, உங்கள் கடிதத்தில் எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது. கால்வாய் ஓரத்து மிளகாய்தான் மோசம் என்கிறீர்கள். அதே வாரம் அதே ஓரத்தில் பயத்தங்கொடி, பப்பாளி, புல்பூண்டு எல்லாம் சேர்ந்து முறுக்கிக்கொண்டோ கொழுந்து வெளுத்தோ இருந்தால் அது பூச்சி வேலை அல்ல. தோட்டத்தில் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்து விழுந்திருக்கிறது. பூச்சி இத்தனை வகைச் செடியை ஒரே நாளில் ஒரே மாதிரி கெடுக்காது. தேதி போட்டுப் படம் எடுங்கள். தோட்ட அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, எல்லை வரிசையில் காற்று இல்லாத காலையில் அடிக்கவும், அடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லவும் கேளுங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீடுகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் கடிதத்துக்குக் கனம் கூடும். பதில் வராவிட்டால் படத்தோடு மாவட்ட விவசாய அலுவலகத்துக்குப் போங்கள். பூச்சிக்கொல்லி வாரியம் விவசாயத் துறையின் கீழ்தான் வருகிறது. வாடிய செடியைக் கொண்டுபோனால் என்ன நோய் என்று பார்த்துச் சொல்லும் தாவர கிளினிக்கும் அந்தத் துறையிலேயே உண்டு. ஓரத்தில் சிரே என்ற எலுமிச்சைப் புல்லும் லெங்குவாஸ் என்ற பேரரத்தையும் நெருக்கமாக நட்டு வேலியாக்கினால் கொஞ்சம் தடுக்கும், ஆனால் மருந்து பட்டதாகச் சந்தேகம் இருக்கும்வரை அந்த வரிசையில் எதையும் சமையலுக்குப் பறிக்காதீர்கள். உண்ணும் செடிகளைச் சில அடி உள்ளே தள்ளி வையுங்கள்.

கணவரிடம் என்ன சொல்வது

கழுவினால் போய்விடும் என்பது எல்லா மருந்துக்கும் பொருந்தாது. பல பூச்சிமருந்துகள் செடிக்குள் ஊடுருவிச் சாறோடு ஓடும். அதைத் தண்ணீர் கழுவாது. அதனால்தான் ஒவ்வொரு லேபிளிலும் அடித்த பிறகு இத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று போட்டிருப்பார்கள். வெண்டையையும் பயத்தங்காயையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கிறீர்கள். ஒரு வாரமோ இரண்டு வாரமோ பறிக்காமல் விட்டால் எல்லாம் முற்றி நாராகிவிடும். லேபிள்படி நடந்தால் காய் வீண், நடக்காவிட்டால் விஷத்தைச் சாப்பிடுகிறோம். இதை அவரிடம் கணக்காகவே சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

நஷ்டமே இருக்காது என்று மட்டும் அவருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஓட்டை விழுந்த சாவி இலை இருக்கும், சில பாகல் போகும். அதற்கு ஈடாக, பூச்சி அதிகம் சீண்டாத பசலை, பொன்னாங்கண்ணி, கங்கோங், மரவள்ளிக் கொழுந்து, முருங்கை, சிறகவரை இவற்றுக்குப் பாதி இடம் கொடுங்கள். பாகலில் ஒரு பந்தல் போதும், அப்போதுதான் எல்லாப் பிஞ்சுக்கும் பை போட நேரம் கிடைக்கும்.

கடைசியாக, ஆர்கானிக் என்ற அட்டை. அதை எழுத வேண்டாம். நம் நாட்டில் அந்தப் பெயரில் விற்க எம்எஸ் 1529 என்ற மலேசியத் தரத்துக்கு உட்பட்டுச் சான்று பெற வேண்டும். மைஆர்கானிக் என்று விவசாயத் துறை கொடுக்கும் சான்று அதற்குத்தான். பக்கத்தில் தோட்டத்து மருந்து காற்றில் வரும் கொல்லைக்கு அது எளிதில் கிடைக்காது. உறவுக்காரப் பெண்ணிடம் "வீட்டுக் காய், நாங்கள் மருந்து அடிப்பதில்லை" என்று வாயால் சொல்லி விற்கச் சொல்லுங்கள். கால்வாய் ஓரத்துக் காயை அந்தக் கூடையில் சேர்க்காதீர்கள்.